விட்டுவைத்த அலமாரி

அன்று காலை தருவைப்பட்டினம் பொது நூலகத்தின் மாடி அறையில் இருந்தவர்கள்:

மாசிலாமணி, விசாரணை அதிகாரி. சென்னையிலிருந்து வந்தவர். மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது முகத்திலேயே தெரிந்தது.

ரெஜினா, நூலகர். எந்தப் பக்கமும் சாயாமல் உட்காரத் தெரிந்தவள்.

இர்ஃபான், வினாமானியை நிறுவிய பொறியாளர். முதல் நாள் இரவு தூங்கவில்லை.

அருமைநாயகம், வாசகர் வட்டத் தலைவர். ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர். கல்யாணத்துக்குப் போவதுபோல இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

சந்தனமாரி, வாசகர் வட்டச் செயலாளர். பத்திரம் எழுதுவது தொழில். வட்டத்தின் ஆட்சேபணையைப் பேச வேண்டியவள் அவள்தான். அவளும் தூங்கவில்லை.

வினாமானி வரவில்லை. சொல்ல வேண்டியதை அது ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தது. நூலகத்தின் ஆய்வுப் பிரிவில் இருக்கும் புத்தகங்களில் ஓர் அலமாரி போக மற்றதை இந்த ஊரில் இனி யாரும் கேட்கப்போவதில்லை என்பது அதன் கணிப்பு. கேட்காத புத்தகத்துக்கு இடமும் மின்விசிறியும் எதற்கு? கட்டிக் காகிதக் கூழாலைக்கு அனுப்பு என்பது துறையின் முடிவு. ஆட்சேபணை இருந்தால் கேட்டுவிட்டு அனுப்பு என்பது சட்டம். அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

வெப்பமானி வெப்பத்தை அளப்பதுபோல வினாமானி கேள்வியை அளக்கும். இன்றைய கேள்வியை வைத்து நாளைய கேள்வியைச் சொல்லும். நூலகம், ஆஸ்பத்திரியின் விசாரணைச் சன்னல், இ-சேவை மையம், கைப்பேசியில் வாயால் கேட்கும் தேடல் என்று ஊர் வாய் திறக்கும் இடமெல்லாம் அதற்குக் காது உண்டு. கேட்டது யார் என்பதை அது வைத்துக்கொள்ளாது. என்ன கேட்டார்கள், ஊரின் எந்தப் பக்கத்திலிருந்து என்பதை மட்டும் சேர்த்துவைத்து, அடுத்த முப்பது ஆண்டில் அந்த ஊர் என்னென்ன கேட்கும் என்று சொல்லும். மலையோரத்து நூலகம் ஒன்றில், யாரும் கேள்விப்படாத ஒரு பூச்சியைப் பற்றிய புத்தகங்களை வாங்கி வை என்றது. சிரித்தார்கள். மூன்றாம் வருடம் அந்தப் பூச்சி தோட்டங்களில் இறங்கியது. அதன் பிறகு துறையில் யாரும் சிரிக்கவில்லை.

தருவைப்பட்டினத்தில் சிரிக்காமல் சண்டைக்கு வந்தார்கள். முன்னால் நின்றவர் அருமைநாயகம். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் இந்தக் கடற்கரையின் செடிகொடிகளைப் பற்றி ஒரே ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தார். அதற்கு ஆதாரம் ஆய்வுப் பிரிவில் இருந்த பழைய தாவர அளவைத் தொகுதிகள். ஸ்கேன் செய்து மின்படி எடுத்து வைத்திருக்கிறோமே என்றது துறை. அவர் அந்த மின்படியைத் திறந்து பார்த்தார். இலை நரம்பு இருந்த இடத்தில் கறுப்புப் பூச்சு இருந்தது. செடியை அடையாளம் காண்பதே அந்த நரம்பை வைத்துத்தான். தொகுதிகள் போனால் அவருடைய நூலும் போயிற்று. அவருக்கு வயது எழுபத்து மூன்று. புதிதாக ஒன்றைத் தொடங்குகிற வயது இல்லை.

“மாரி பாத்துக்கிடுவா” என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

முந்தின நாள் மத்தியானம் மாரி ஆய்வுப் பிரிவுக்குப் போயிருந்தாள். கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பேச ஒரு பிடி கிடைக்கும் என்பது நினைப்பு. உள்ளே அலமாரிகளைக் காலி செய்து, புத்தகங்களைச் சணலால் கட்டித் தரையில் அடுக்கியிருந்தார்கள். கட்டிக்கொண்டிருந்தவன் நூலக உதவியாளன் முப்பிடாதி. பக்கத்தில் இர்ஃபான் நின்றிருந்தான்.

“விசாரணையே நாளைக்குத்தான். அதுக்குள்ள பாடை கட்டியாச்சா?” என்றாள்.

“தூசி தட்ட எடுத்தோம் மேடம்” என்றான் இர்ஃபான்.

“தூசி தட்டச் சணல் எதுக்குத் தம்பி?”

முப்பிடாதி திரும்பி நின்று சிரித்தான். இர்ஃபான் சணல் உருண்டையைக் காலால் ஒதுக்கினான். பொய் சொல்லிப் பழகாதவன் என்று அவளுக்குத் தோன்றியது. நேராகவே கேட்டாள்.

“இங்க இரவல் கிடையாது. உக்காந்து படிச்சிட்டுப் போறதுதான். ஒரு பொஸ்தகத்த ஆள் படிச்சாங்களா இல்லையான்னு ஒங்க மிசினுக்கு எப்படித் தெரியும்?”

“மேசையில விட்டுட்டுப் போற புத்தகத்தையெல்லாம் சாயங்காலம் இவர் கருவியில காட்டுவார். அதான் கணக்கு.”

“மேசையில விட்டுட்டா?”

“ஆமா மேடம். படிச்சத மேசையிலேயே வைங்கன்னு போர்டே மாட்டியிருக்கே.”

போர்டு மாட்டித்தான் இருந்தது. மதிக்கத்தான் ஆள் இல்லை. முப்பிடாதிக்கு முன்னால் அந்தப் பணியிடம் வருடக்கணக்கில் காலியாகக் கிடந்தது. எடுத்து அடுக்க ஆள் இல்லாததால் வாசகர்களே எடுத்த இடத்தில் திருப்பி வைத்தார்கள். வைத்து வைத்து அது பழக்கமாகி, பழக்கம் மரியாதையாகிவிட்டது. புதிதாக வந்த கல்லூரிப் பிள்ளை யாராவது புத்தகத்தை மேசையில் விட்டு எழுந்தால், “எச்சி இலையப் போட்டுட்டுப் போறியோ?” என்று அருமைநாயகமே கேட்பார். இரண்டு வருடம் முன்பு முப்பிடாதி வேலைக்கு வந்த பிறகும் யாரும் மாறவில்லை.

“யக்கா, சாயங்காலம் மேசையில ஒரு துண்டுக் காயிதம்கூடக் கிடக்காது. இங்க ஒருத்தரும் படிக்கதில்லன்னுலா நெனச்சேன்” என்றான் முப்பிடாதி.

சந்தனமாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து சிரித்தாள்.

“அப்ப ரெண்டு வருசமா ஒங்க மிசின் வெறும் மேசையத்தான் பாத்திருக்கு!”

அங்கிருந்தே அருமைநாயகத்துக்குப் போன் போட்டாள். “சார், ஆணிவேரு கையில சிக்கிருச்சு. நாளைக்கு வந்து வேடிக்க பாருங்க.” வேறு விவரம் சொல்லவில்லை. நேரில் அவர் முகத்தைப் பார்க்க ஆசை.

இர்ஃபான் முகம் வெளுத்திருந்தது. “இத நாளைக்குச் சொல்லுவீங்களா?”

“பின்ன? பொரிகடலையா தின்னுக்கிட்டு இருப்பேன்?”

“சொன்னா அவ்ளோதான் மேடம். ஒரு இடத்துல தரவு தப்புன்னு ஆயிட்டா மொத்தக் கணிப்பும் செல்லாது. அன்னைக்கே எல்லாத்தையும் அழிச்சிடணும். ஜனங்களோட கேள்விய நாங்க வச்சிருக்க அனுமதியே செல்லுபடியாகுற கணிப்புக்கு மட்டும்தான். அப்புறம் மூணு வருஷத்துக்கு இந்த ஊர்ல வினாமானி வைக்க முடியாது.”

“வைக்காதீங்க. யாரு அழுதா?”

இர்ஃபான் முப்பிடாதியை டீ வாங்கிவர அனுப்பினான். அவன் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் சொன்னான். “ஒரு வாரமா ஒவ்வொருத்தரா வந்து அவங்கவங்க புத்தகம் கழிக்கிற பட்டியல்ல இருக்கான்னு பாத்துட்டுப் போறாங்க. எல்லாரும் போறதத்தான் பாக்குறீங்க. மிஞ்சினத ஒருத்தரும் பாக்கல. நீங்க பாருங்க.”

சன்னலோரம் ஓர் அலமாரி மட்டும் கலையாமல் நின்றது. அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். மேல் தட்டில் சிறுநீரக நோய்கள், ரத்தச் சுத்திகரிப்பு, சிறுநீரக நோயாளிக்கான உணவு, குழந்தைகளின் சிறுநீரகம். இரண்டாம் தட்டில் நிலத்தடி நீரின் வேதியியல், தண்ணீரில் கரையும் உலோகங்கள். மூன்றாவதில் இழப்பீட்டுச் சட்டம், மேல்முறையீடு. அடித்தட்டு காலி.

“இது என்ன, ஆஸ்பத்திரி நூலகமா?”

“வருஷ வரிசையில நான்தான் அடுக்கினேன். மேல் தட்டுதான் முதல்ல கேப்பாங்க. நோய் வரும். அப்புறம் ஏன் வந்துச்சுன்னு தேடுவாங்க, அது ரெண்டாவது தட்டு. அப்புறம் கோர்ட்டு.”

“அடித்தட்டு?”

“அதுக்கப்புறம் கேள்வி இல்ல மேடம்.”

“பதிலு கெடச்சிருமாக்கும்?”

“பதில் கெடச்சாலும் ஜனங்க வேற எதையாவது கேப்பாங்களே. சமையல், ஜோசியம், பரீட்சை. எதுவுமே இல்ல. கேக்க ஆள் இல்லாத ஊருக்குத்தான் இப்படி வரும்.”

அவள் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “இது எந்தப் பக்கமிருந்து வருது?”

“வடக்கால புது மனைகள். ஆழ்குழாய்த் தண்ணி. அங்க ஆரம்பிச்சு இங்க வருது. இப்பவே கேக்குறாங்க. காலையில முகம் வீங்குதே ஏன், மூத்திரத்துல நுரை வருதே ஏன்னு. சாதாரணக் கேள்வி. கேக்குறவங்களுக்கே பயம் இல்ல. ஆனா இந்தக் கேள்விங்க இந்த மாதிரிச் சேந்தா எங்க போய் முடியும்னு அதுக்குத் தெரியும்.”

வடக்கு மனைகளில் பாதிக்குப் பத்திரம் எழுதியவள் சந்தனமாரி. அங்கே வீட்டுக்கடன் வாங்கியவன், தாலியை விற்றவள், வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பியவன் எல்லோரையும் அவளுக்குப் பேர் சொல்லித் தெரியும்.

“தண்ணியச் சோதிக்கச் சொல்ல வேண்டியதுதான?”

“சோதிச்சிருக்காங்க. எல்லாம் அளவுக்குள்ளன்னு எழுதியிருக்கு. எதத் தேடுறோம்னு தெரியாம சோதிச்சா அப்படித்தான் வரும். ஆனா நாளைக்குக் கணிப்ப ஏத்துக்கிட்டா அது அரசாங்க ஆவணம். ஏத்துக்கிட்ட கணிப்பு மேல நடவடிக்கை எடுத்தே ஆகணும்னு விதி இருக்கு.”

“நீயே வெளிய சொல்லேன்.”

“கணிப்பு ரகசியம். வெளிய சொன்னா உள்ள போட்ருவாங்க. சரி, போறேன்னே வைங்க. தப்புன்னு அழிச்ச கருவி இப்படிச் சொல்லுச்சுன்னு சொன்னா நீங்க நம்புவீங்களா?”

நம்ப மாட்டாள். அதுதான் விஷயம். காலையில் அதிகாரி முன்னால் நின்று கருவி பொய் என்று நிரூபித்துவிட்டு, மாலையில் வடக்குத் தெருவில் நின்று அதே கருவி சொன்னதை நம்புங்கள் என்று கத்தினால் கல்லால் அடிப்பார்கள். கருவி பொய் என்றால் அருமைநாயகத்தின் தொகுதிகள் மிஞ்சும். மெய் என்றால் வடக்கு மனைக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. இரண்டையும் சேர்த்துக் கேட்க வழியில்லை.

முப்பிடாதி டீயோடு வந்தான். அவள் குடிக்காமல் வீட்டுக்குப் போனாள். போகிற வழியில் அருமைநாயகம் வீட்டுத் தெரு வந்தது. திரும்பவில்லை. சொன்னால் மனுஷன் விடமாட்டார், தொகுதிகளைக் காப்பாற்ற அந்த மேசைக் கதையைத் தானே எழுந்து சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள்.

மறுநாள் மாடி அறையில் மாசிலாமணி கேட்டார். “வாசகர் வட்டம் சார்பா யார் பேசுறீங்க?”

“எங்க செயலாளர் பேசுவாங்க. ஆணிவேரையே பிடிச்சிட்டாங்க” என்றார் அருமைநாயகம். சொல்லிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

சந்தனமாரி எழுந்தாள். இர்ஃபான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆட்சேபண இல்ல சார். கணிப்பு சரிதான்னு வட்டம் ஏத்துக்கிடுது. மிச்சம் இருக்க புத்தகம் எதுக்கு மிஞ்சிச்சுங்கறதையும் சேத்து மேல எழுதணும். வடக்கு மனைத் தண்ணியப் பத்தி.”

“ஏத்துக்கிட்ட கணிப்பு விதிப்படி தானா மேல போகும்மா. தனியா எழுதத் தேவையில்ல.” மாசிலாமணி பேனாவை மூடினார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அவர் ரெஜினாவிடம் நல்ல மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.

அருமைநாயகம் உட்கார்ந்தபடியே கேட்டார். “மாரி, ஒடம்புக்கு முடியலையா?”

“நல்லாத்தான் சார் இருக்கேன்.”

“அப்ப தெரிஞ்சுதான் பேசுதியா?”

“ஆமா சார்.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போனார். படியில் நின்ற முப்பிடாதி கை கொடுக்கப் போனான். தட்டிவிட்டார்.

அந்த வாரமே கட்டுகளை ஏற்றிப்போக லாரி வந்தது. வாசகர் வட்டத்தின் வாட்ஸப் குழுவிலிருந்து யாரோ அவளை நீக்கினார்கள். விலை போய்விட்டாள் என்று கடைத்தெருவில் பேச்சு. எவ்வளவுக்கு என்பதில்தான் கருத்து வேறுபாடு. அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மேலிருந்து ஆணை வரட்டும், வந்தால் அதுவே சொல்லும் என்று இருந்தாள்.

ஆணை மழைக்காலம் தொடங்கும்போது வந்தது. ரெஜினா போன் போட்டு வரச்சொல்லி, சத்தமாகவே படித்துக் காட்டினாள். “தருவைப்பட்டினம் நூலகத்தில் உயர்ந்துவரும் வாசகர் தேவையைக் கருத்தில்கொண்டு, சிறுநீரகப் பராமரிப்பு சார்ந்த நூல்களில் கூடுதல் பிரதிகள் வாங்க இதன்மூலம் அனுமதி அளிக்கப்படுகிறது. அவற்றை வாசகர்களுக்கு இரவல் வழங்கலாம்.” தாளைத் திருப்பினாள். “சேர் வாங்கவும் குடுத்திருக்காங்க மாரியக்கா. நம்ம கேக்கவே இல்ல, பாருங்க.”

“தண்ணியப் பத்தி?”

“தண்ணியா? குடிதண்ணிக்கு மிசின் போன வருசமே வச்சாச்சே.”

அவள் வெளியே வந்து இர்ஃபானுக்குப் போன் செய்தாள். அவன் வேறு மாவட்டத்தில் வேறு ஊருக்குக் கருவி மாட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நடவடிக்கை எடுத்தே ஆகணும்னியே தம்பி?”

“எடுத்துட்டாங்க மேடம். கணிப்பு நூலகத் துறைக்குப் போச்சு. நூலகத் துறைக்கு என்ன தெரியும்? புத்தகம் வாங்கத் தெரியும்.” பிறகு சொன்னான். “நான் இப்படி யோசிக்கல.”

அவளும் யோசிக்கவில்லை. இத்தனை வருடம் அரசாங்கத் தாள் எழுதிப் பிழைத்தவள் யோசித்திருக்க வேண்டும்.

புதுப் பிரதிகள் வந்த அன்று அவள் நூலகத்தில் இருந்தாள். இரண்டாம் தட்டுப் புத்தகங்களைப் படித்துப் படித்துக் கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தாள். வடக்கு மனையிலிருந்து பேச்சித்தாய் வந்தாள். கைப்பேசியில் கேட்டால் அது நூலகத்துக்குப் போகச் சொன்னதாம்.

“மொகம் வீங்குததுக்கு ஏதும் பொஸ்தகம் இருக்கா தாயி?”

“இப்பத்தான் வந்திருக்கு, இன்னும் பிரிக்கக்கூட இல்ல” என்று ரெஜினா சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தாள்.

பேச்சித்தாய் சந்தனமாரியை அடையாளம் கண்டுகொண்டாள். “எங்க பத்திரம் நீங்கதான எழுதுனீங்க? சின்னவளுக்கும் இப்படித்தான் வீங்குது. ராத்திரிபூரா போனு பாக்கா. தூக்கமில்லாததுதானக்கா?”

“அந்த போர்த் தண்ணியக் குடிக்காதீங்க.”

“பின்ன எதக் குடிக்க? லாரித் தண்ணி ஒரு கொடம் என்ன வெலன்னு தெரியும்லா?” கோபமில்லாமல்தான் சொன்னாள். புத்தகத்தைக் கூடையில் காய்கறி மேல் வைத்துக்கொண்டு போனாள்.

சந்தனமாரி மனுவை எடுத்துக்கொண்டு நேராக அருமைநாயகம் வீட்டுக்குப் போனாள். பத்திரம் எழுதுபவளின் கையெழுத்தோடு போனால் அந்தத் தாள் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். பேராசிரியர் கையெழுத்து இருந்தால் ஒருவேளை யாராவது பிரித்துப் படிப்பார்கள்.

கதவைத் திறந்தவர் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே மேசையில் அவருடைய கைப்பிரதி கிடந்தது. அதன் மேல் மின்கட்டண ரசீது, மாத்திரை அட்டை, ஒரு வாழைப்பழம். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மேசைக் கணக்கு, சன்னலோர அலமாரி, அடித்தட்டு, கூடுதல் பிரதி, பேச்சித்தாய்.

அவள் முடித்ததும் அவர் கேட்டார். “இதெல்லாம் விசாரணைக்கு மொத நாளே ஒனக்குத் தெரியும்.”

“தெரியும் சார்.”

“எங்க தெருவத் தாண்டித்தான வீட்டுக்குப் போன?”

“ஆமா சார்.”

“ஒரு எட்டு வந்து சொல்லல.”

“சொன்னா நீங்க விட்டுக்குடுக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

அருமைநாயகம் அதை மெல்ல ஒருதரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். “செடிக்காக ஒரு தெருச் சனத்த சாகக் குடுத்திருவான்னு நெனச்சிருக்க. இத்தன வருசம் கூட இருந்து இதத்தான் கண்டுபிடிச்சிருக்க.”

அவள் கையிலிருந்த மனுவைப் பார்த்தாள்.

“சொல்லியிருந்தா நானே எந்திரிச்சு ஆட்சேபண இல்லன்னு சொல்லியிருப்பேன்லா. நான் குடுத்ததா இருந்திருக்கும். இப்ப புடுங்கிட்டுப் போனதா இருக்கு.” கையை நீட்டினார். “காயிதத்தக் குடு.”

மனுவை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். ஓர் உலோகத்தின் பெயரைத் திருத்தினார். கையெழுத்துப் போட்டு, கீழே முனைவர், பேராசிரியர் என்று எல்லாப் பட்டத்தையும் வரிசையாக எழுதினார். சாதாரணமாக அவர் அவற்றைப் போடுவதில்லை.

“தண்ணி விசயமா இன்னும் எத்தன கையெழுத்து வேணும்னாலும் போடுதேன். கலெக்டர் ஆபீசுக்கு வரச் சொன்னா அங்கயும் வாரேன். முப்பிடாதிகிட்ட குடுத்து அனுப்பு. நீ வராத.”

“சார்...”

“போயிட்டு வாம்மான்னு சொல்ல வாய் வரல. போ.”

அவள் மனுவை மடிக்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்து செருப்பைத் தேடினாள். பின்னால் கதவு சாத்தியது. மேல் தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து, பட்டப்பகலில், பூட்டில் சாவி திரும்பியது.